எஃகுக்குள் நிகழ்வது என்ன?

பொறியியல் கல்லூரியில் உலோகவியலை முதன்முதலாகப் பயில வரும் மாணவர்களுக்குச் செய்துகாட்டத் தக்க சோதனைகளுள், செய்வதற்கு மிக எளியதும் சிந்திப்பதற்கு மிக ஆழமானதுமாகிய ஒன்று உண்டு. நூற்றுக்கு முக்கால் பங்களவு கரி கலந்த மெல்லிய எஃகுக் கம்பி ஒன்றை இரண்டாக நறுக்கி, இரு துண்டுகளையும் ஒரே உலையில் செக்கச்செவேலென்று சிவக்கும்வரை காய்ச்சி, ஒன்றை உலையோடு சேர்த்தே மெல்ல ஆறவிட்டு, மற்றொன்றைக் குறட்டால் பற்றி வெளியே எடுத்த கணமே குளிர்ந்த நீரில் அமிழ்த்திவிட வேண்டும். ஆறியபின் பார்த்தால், முதல் துண்டு விரல்களின் வலிமைக்கே இணங்கி வளையும்; அரத்தை வைத்துத் தேய்த்தால் தூள் உதிரும். இரண்டாவது துண்டின்மேல் அரம் பற்றாமல் வழுக்கிக்கொண்டு போகும். அதை வளைக்க முயன்றாலோ, வளையாமலே சட்டென்று ஒடிந்துவிடும். இவ்விரண்டையும் ஓர் இரசாயன நிபுணரிடம் கொடுத்து, எவற்றால் ஆனவை என்று ஆராயச் சொன்னால், இரும்பு இத்தனை, கரி இத்தனை, மாங்கனீஸ் இத்தனை என்று ஒரே கணக்கை இரண்டுக்கும் எழுதிக் கொடுப்பார். அவர் கணக்கில் பிழையும் இராது.

அப்படியானால் இவ்வளவு பெரிய சுபாவ வேற்றுமை எங்கிருந்து வந்தது? ஒரு பதார்த்தம் எவற்றால் ஆனது என்று அறிவது அதன் இயல்பில் பாதியை அறிவதே ஆகும். அந்த அணுக்கள் எவ்விதமாக அடுக்கப்பட்டிருக்கின்றன, அந்த அடுக்கு எந்த உஷ்ணத்திலிருந்து எத்தனை வேகத்தில் குளிர்ந்ததால் உண்டாயிற்று என்பதை அறிந்தால்தான் மறுபாதியும் விளங்கும். உலோகவியல் என்னும் சாஸ்திரத்தின் உயிர்நிலை இந்த மறுபாதியில்தான் இருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம். இதைப் பாடத்தின் தொடக்கத்திலேயே மனத்தில் வாங்கிக்கொண்ட மாணவன், பின்னால் வரும் வரைபடங்களையும் அட்டவணைகளையும் கண்டு அஞ்சமாட்டான்.

முதலில் கரியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். எஃகுக்கும் இரும்புக்கும் உள்ள பேதம் கரியினால் விளைவது என்ற உண்மை, மனிதன் எஃகு செய்யக் கற்றுக்கொண்டு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே அவனுக்குப் புலப்பட்டது. நெருப்பில் மீண்டும் மீண்டும் புடமிட்டு அழுக்கு நீக்கப்பட்ட பரிசுத்தமான இரும்பே எஃகு என்றுதான் ஐரோப்பிய அறிஞர் பலர் நெடுங்காலம் நம்பியிருந்தனர். உண்மையோ அதற்கு நேர்மாறானது. 1781இல் ஸ்வீடன் தேசத்து பெர்க்மன் என்பவர் எஃகிலும் வார்ப்பிரும்பிலும் கரி கலந்திருப்பதை எடுத்துக் காட்டினார். 1786இல் வாண்டர்மோண்ட், பெர்த்தொலே, மோன்ஜ் என்னும் பிரெஞ்சு அறிஞர் மூவர் அதைச் சந்தேகத்திற்கு இடமின்றி நிலைநாட்டினர். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பாரிஸ் நகரில், மூடிய மூசையில் மெல்லிரும்போடு வைரத்தை வைத்துக் காய்ச்சிப் பார்த்தார்கள். வைரம் மறைந்துபோயிற்று, இரும்பு எஃகாயிற்று. வைரமும் அடுப்புக்கரியும் தத்துவத்தில் ஒன்றே என்பதற்கு இதைவிட அழகிய சான்று வேண்டுவதில்லை.

ஆனால் இங்கிலாந்தின் அறிஞர்களை வெகுகாலம் திகைக்க வைத்த எஃகு நம் நாட்டிலிருந்து போனது. பம்பாயிலிருந்து அனுப்பப்பட்ட இந்திய எஃகுக் கட்டிகளை ஆராய்ந்து ஜார்ஜ் பியர்சன் என்பவர் 1795இல் லண்டன் ராயல் சங்கத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டார். மின்சார ஆராய்ச்சியால் உலகப் புகழ் அடைவதற்கு முன்பே, கொல்லர் ஒருவரின் மகனாகிய மைக்கேல் ஃபாரடே, கத்தி செய்யும் தொழிலில் வல்லவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்பவரோடு சேர்ந்து அதே எஃகின் இரகசியத்தைத் தேடினார். 1819இல் அவர் செய்த பகுப்பாய்வு, அந்த எஃகின் சிறப்புக்குக் காரணம் அதிற்கலந்த அலுமினாவும் சிலிகாவும் என்ற முடிவுக்கு அவரை இட்டுச் சென்றது. அம்முடிவு சரியன்று. ஆயினும் எஃகோடு பிளாட்டினம், வெள்ளி, ரோடியம், குரோமியம் முதலிய உலோகங்களைத் திட்டமிட்டுக் கலந்து பார்க்கும் ஆராய்ச்சியை அவரைத் தொடங்கவைத்தது அந்தத் தவறான முடிவுதான். இன்றைய கலப்பு எஃகுகளின் வம்சாவளியில் அவ்வாராய்ச்சிக்கு உரிய ஸ்தானத்தை எவரும் மறுக்க இயலாது.

அந்த இந்திய எஃகு தென்னாட்டில் எவ்வாறு செய்யப்பட்டது என்பதைப் பறங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய ஜோசயா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் 1839இல் விவரித்து எழுதியிருக்கிறார். தேனிரும்புத் துண்டுகளைச் சிறு களிமண் மூசையில் இட்டு, அவற்றோடு உலர்ந்த ஆவார மரத்தைத் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டு, மேலே ஒன்றிரண்டு பச்சை எருக்கிலைகளை வைத்து மூடி, வாயைக் களிமண்ணால் காற்றுப் புகாதபடி பூசி உலர்த்துவர். இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை வளைவாக அடுக்கி, அடுப்புக்கரியிட்டுத் துருத்தியால் ஊதி, ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் காய்ச்சுவர். ஆறியபின் மூசையை உடைத்தால் அடியில் எஃகு ஒரே கட்டியாகத் திரண்டிருக்கும்.

ஆவார மரமும் எருக்கிலையும் வெறும் சடங்குக்காக இடப்பட்டவை அல்ல. மூடிய மூசைக்குள் அவை கரியாகி இரும்புக்குள் புகுந்தன. தூய இரும்பு உருகுவதற்கு 1538 டிகிரி உஷ்ணம் வேண்டும். அக்காலத்துத் துருத்தி உலைகளுக்கு அது எட்டாத உயரம். ஆனால் இரும்பு, தான் கரியை உண்ண உண்ண, உருகுநிலையில் இறங்கிக்கொண்டே வரும் இயல்புடையது. நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கரி சேர்ந்ததும் அந்நிலை நூறு டிகிரிக்கு மேல் தாழ்ந்துவிடுகிறது. ஆகவே கரியே இரும்பை உருகவும் வைத்தது, எஃகாகவும் ஆக்கிற்று. இவ்வாறு கிடைத்த கட்டியில் கரி சற்று மிகுதியாக இருந்ததால், அதை அப்படியே அடித்தால் வெடித்துவிடும் என்பதும் அத்தொழிலாளருக்குத் தெரிந்திருந்தது. உருகும் நிலைக்குச் சற்றே குறைந்த சூட்டில், துருத்திக்காற்று மேலே படும்படி பல மணி நேரம் புரட்டிப் புரட்டிக் காய்ச்சிய பிறகே அதைக் கம்பியாக நீட்டினார்கள் என்று ஹீத் கூறுகிறார். மிஞ்சிய கரியைக் காற்றால் எரித்து நீக்கும் முறை இது. கரி என்ற பெயரால் அதன் காரணத்தை அறியாதபோதும், அதன் காரியத்தை இவ்வளவு நுட்பமாக ஆண்ட மக்களை நாம் உலோகவியலாரென்று அழைக்கத் தயங்க வேண்டியதில்லை. அக்கட்டிகளிலிருந்து மேற்காசியக் கொல்லர்கள் அடித்த வாள்களில் நீரலை ஓடியது போன்ற கோலம் தோன்றுவதற்கு, பத்தாயிரத்தில் ஒரு பங்கினும் குறைந்த வனேடியம் முதலிய மூலகங்களும் காரணமாகலாம் என்பதை 1990களில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் தாமே அத்தகைய வாளைச் செய்து காட்டி விளக்கினர்.

இனி உஷ்ணத்தின் செயலுக்கு வருவோம். இருட்டறையில், கரி மிகுந்த எஃகுக் கம்பி ஒன்றை மின்சாரத்தால் பழுக்கக் காய்ச்சிப் பின்னர் ஆறவிட்டால், அதன் ஒளி மெல்ல மங்கிக்கொண்டே வந்து, அணையப்போகிறது என்று நாம் எண்ணும் வேளையில், யாரும் சூடேற்றாமலே ஒரு கணம் தானாகப் பிரகாசித்து, மறுபடி மங்கி மறையும். 1873இல் பாரெட் என்பவர் இதைக் கண்டு விவரித்தார். வெளியிலிருந்து உஷ்ணம் வராதபோது உள்ளிருந்தே வந்திருக்க வேண்டும். உள்ளிருந்து வந்ததாயின் அங்கே ஏதோ ஒரு பெரிய மாறுதல் நிகழ்ந்திருக்க வேண்டும். அதற்கு ஐந்தாண்டு முன்பே, 1868இல், ருஷியாவின் ஒபுகோவ் ஆலையில் பீரங்கிக் குழாய்கள் காரணமின்றி வெடிப்பதைப் பற்றி விசாரித்த செர்னோவ் என்னும் பொறியாளர், காய்ச்சிய எஃகின் நிறத்தைக் கண்ணால் மட்டுமே அளந்து, ஒரு குறிப்பிட்ட சூட்டை எட்டாத எஃகு எத்தனை விரைவாகக் குளிர்வித்தாலும் கடினப்படாது என்று கண்டறிந்திருந்தார். உஷ்ணமானி இல்லாத காலத்தில் ஒரு மனிதனுடைய கண் செய்த இக்காரியத்தை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அந்தச் சூட்டில் நிகழ்வது அணுக்களின் இடமாற்றமே. எல்லா உலோகங்களையும் போலவே இரும்பும் ஸ்படிகங்களால் ஆனது. சாதாரண உஷ்ணத்தில், ஒரு கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் நடுவிலும் ஒவ்வோர் அணு நிற்கும் அமைப்பை அது கொண்டிருக்கிறது. 912 டிகிரியைத் தாண்டியதும், நடுவில் நின்ற அணு நீங்கி, ஆறு முகங்களின் மையங்களிலும் அணுக்கள் நிற்கும் வேறோர் அமைப்பை மேற்கொள்கிறது. இரண்டாவது அமைப்பே நெருக்கமானது. முன்னதில் நூற்றுக்கு 68 பங்கு இடத்தை அணுக்கள் அடைத்துக்கொண்டிருக்க, பின்னதில் 74 பங்கை அடைத்துக்கொள்கின்றன. ஆகையால், சூடேறினால் விரிய வேண்டிய இரும்பு அந்த ஓரிடத்தில் மட்டும் சுருங்குகிறது.

இங்கேதான் மாணவர்கள் பெரும்பாலும் மயங்குவர். நெருங்கிய அமைப்பில் கரியணுவுக்கு இடம் குறைவாக அல்லவா இருக்க வேண்டும்? அப்படியில்லை. தளர்ந்த அமைப்பில் வெற்றிடம் மொத்தத்தில் அதிகமாயினும், அது பல சிறு சந்துகளாகச் சிதறிக் கிடக்கிறது. நெருங்கிய அமைப்பிலோ, உள்ள வெற்றிடம் குறைந்த எண்ணிக்கையிலான பெரிய பொந்துகளாகத் திரண்டிருக்கிறது. கரியணுவுக்கு வேண்டுவது மொத்த இடமன்று, தான் புகத்தக்க ஒரு பொந்து. ஆகவே உயர்ந்த உஷ்ணத்து இரும்பு நூற்றுக்கு இரண்டு பங்குக்குச் சற்று மேலான கரியைக்கூடத் தன்னுள் கரைத்துக்கொள்ள, தாழ்ந்த உஷ்ணத்து இரும்பு ஐம்பதில் ஒரு சதவிகிதத்தைத் தாங்குவதற்கே திணறுகிறது. முன்னதை ஆஸ்டெனைட் என்றும் பின்னதை ஃபெரைட் என்றும் வழங்குகின்றனர். எஃகின் சரித்திரம் முழுவதும் இந்த இரு எண்களுக்கு இடையே உள்ள பேதத்திலிருந்து பிறந்ததே.

முக்கால் பங்கு கரி கொண்ட ஆஸ்டெனைட் மெல்ல ஆறும்போது, 727 டிகிரியில் அதன் அமைப்பு மாறத் தொடங்குகிறது. புதிய அமைப்பில் கரிக்கு இடமில்லை, அது வெளியேற்றப்படுகிறது. வெளியேறிய கரி, மூன்று இரும்பணுக்களுக்கு ஒரு கரியணு என்ற கணக்கில் சேர்ந்து, சிமென்டைட் என்னும் மிகக் கடினமான சேர்மமாகிறது. கரியணு வெகுதூரம் நடக்க அவகாசமில்லையாதலால், மென்மையான ஃபெரைட்டும் கடினமான சிமென்டைட்டும் மாறி மாறி, மிக மெல்லிய தகடுகளாக அடுக்கப்படுகின்றன. இருட்டறையில் கம்பி மீண்டும் ஒளிர்ந்ததற்கு, இந்த மாறுதலில் வெளிப்பட்ட உஷ்ணமே காரணம். ஷெஃபீல்டு நகரத்து சார்பி என்னும் அறிஞர், பாறைகளை ஆராய்ந்து பழகிய கையோடு 1863 முதல் எஃகையும் மெருகேற்றி, அமிலத்தால் அரித்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். இருபது ஆண்டுகளுக்குப் பின் இன்னும் வலிமை வாய்ந்த கருவியைக் கொண்டு இந்தத் தகடுகளைப் பிரித்தறிந்த முதல் மனிதரும் அவரே. பெர்லைட் என்று இன்று சொல்லப்படுவது அந்த அடுக்கமைப்புத்தான்.

நீரில் அமிழ்த்திய துண்டில் நடப்பது வேறு. அங்கே கரியணுவுக்கு நடந்து வெளியேறக் காலமே கொடுக்கப்படவில்லை. இரும்பணுக்களின் வரிசைகளோ, ஒவ்வோர் அணுவும் தன் அண்டையை விட்டுப் பிரியாமல் ஓர் அணுவின் அகலத்திற்கும் குறைந்த தூரமே நகர்ந்து, புதிய அமைப்பிற்குள் ஒரே வீச்சில் சாய்ந்துவிடுகின்றன. உலோகத்திற்குள் ஒலி பாயும் வேகத்தை ஒட்டிய வேகத்தில் இது நிகழ்கிறது. வெளியேற முடியாத கரி நடுவிலே சிக்கிக்கொள்ள, கனசதுரம் ஒரு பக்கமாக நீண்டு கோணலாகி, உள்ளே அளவற்ற இறுக்கத்தோடு உறைந்துபோகிறது. இதற்கு மார்டென்சைட் என்று பெயர். இது பிறக்கும்போது கன அளவில் நூற்றுக்கு நான்கு பங்கு வரை விரிகிறது. மேற்புறம் முதலில் குளிர்ந்து கடினமாகி நின்றபின் உட்புறம் இவ்வாறு விரிந்தால் மேற்புறம் கீறிப் பிளக்கும். தோய்த்த அரிவாளில் மயிரிழைக் கீறல் ஓடுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

கோணலான அமைப்பு ஏன் கடினமாக இருக்க வேண்டும் என்ற வினாவுக்கு விடை காண, உலோகம் ஏன் வளைகிறது என்று முதலில் கேட்க வேண்டும். 1926இல் ஃபிரெங்கல் என்னும் ருஷிய விஞ்ஞானி, ஓர் அணு வரிசை மற்றொன்றின்மேல் முழுவதும் ஒருசேர வழுக்குவதற்கு எவ்வளவு விசை வேண்டும் என்று கணக்கிட்டார். கணக்கு காட்டிய விசை, தூய உலோக ஸ்படிகங்கள் உண்மையில் வழுக்கும் விசையைப் போல் ஆயிரம் மடங்குக்கு மேல் இருந்தது. எட்டாண்டு கழித்து, 1934இல், டெய்லர், ஒரோவான், பொலான்யி என்ற மூவரும் தனித்தனியே ஒரே விடையை அளித்தனர்: வரிசை முழுவதும் ஒருசேர நகர்வதில்லை. கலியாண மண்டபத்தில் விரித்த நீண்ட ஜமக்காளத்தை ஒரு முனையில் பற்றி இழுத்து நகர்த்த முடியாதவர், ஒரு முனையில் சிறு மடிப்பு எழுப்பி அம்மடிப்பை மறுமுனைவரை தள்ளிக்கொண்டு போனால் ஜமக்காளம் எளிதில் இடம்பெயர்வது போல, ஸ்படிகத்திற்குள் ஒரு வரிசைப் பிறழ்ச்சி ஊர்ந்து செல்ல, அதன் பின்னே அணுக்கள் ஒவ்வொரு படியாக நகர்கின்றன. 22 ஆண்டுகள் வரை இது வெறும் ஊகமாகவே இருந்தது. 1956இல் கேம்பிரிட்ஜ் அறிஞர்கள் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பின் கீழ் மெல்லிய அலுமினியத் தகட்டில் அப்பிறழ்ச்சிகள் ஊர்வதைக் கண்ணாரக் கண்டனர்.

உலோகத்தைக் கடினமாக்குவதென்பது இப்பிறழ்ச்சிகளின் பாதையில் தடை வைப்பதே. மார்டென்சைட்டில் சிக்கிய ஒவ்வொரு கரியணுவும் ஒரு தடை; கோணலான அமைப்பு முழுவதுமே ஒரு தடை. ஆனால் ஊர்ந்து செல்லும் பிறழ்ச்சி ஒன்றும் இல்லாத பொருள், மிகுந்த விசை வரும்போது வளைந்து கொடுத்துத் தப்புவதற்கும் வழியில்லாமல் உடைகிறது. கடினமும் உறுதியும் ஒன்றல்ல என்பதை, பொருள்களைத் தெரிவுசெய்யும் பொறியாளன் தன் வாழ்நாள் முழுவதும் நினைவில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

ஆகவேதான் கொல்லன் தோய்த்ததோடு நிறுத்துவதில்லை. மீண்டும் இளஞ்சூட்டில் பதம் பார்க்கிறான். மெருகேற்றிய பரப்பில் ஆக்ஸைடுப் படலம் படரப் படர, 220 டிகிரியை அடுத்து வெளிர் மஞ்சளும், 255ஐ அடுத்துப் பழுப்பும், 280ஐ அடுத்து ஊதாவும், 300ஐ ஒட்டி நீலமும் தோன்றும். சவரக்கத்திக்கு மஞ்சளில் நிறுத்துவர். உளிக்குப் பழுப்பையோ ஊதாவையோ எதிர்பார்ப்பர். ரம்பத்திற்கும் வில்லுக்கும் நீலம்வரை விடுவர். இந்நிறம் மேற்பரப்பின் படலத்துக்கு உரியதே தவிர எஃகுக்கு உரியதன்று. உள்ளே நிகழ்வதோ, சிக்கிக் கிடந்த கரியணுக்கள் சிறிது சிறிதாக விடுபட்டு நுண்ணிய துகள்களாகச் சேர்வதும், அதனால் இறுக்கம் தளர்வதும். சிறிது கடினத்தைக் கொடுத்து மிகுந்த உறுதியை வாங்கும் இப்பண்டமாற்றுப் போல் இலாபகரமானது உலோகத் தொழிலில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எத்தனை வேகமாகக் குளிர்விக்க வேண்டும் என்ற கேள்விக்குச் சீரான விடை 1930இல்தான் கிடைத்தது. டாவன்போர்ட், பெயின் என்ற இரு அமெரிக்கர், மெல்லிய எஃகுத் துண்டுகளைக் காய்ச்சி, வெவ்வேறு உஷ்ணத்தில் வைக்கப்பட்ட உருகிய உலோகத் தொட்டிகளில் இட்டு, மாறுதல் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று ஒவ்வொன்றாக அளந்தனர். 727க்குச் சற்றுக் கீழே மாறுதலுக்கு உந்துதல் குறைவு, ஆகவே தாமதம். மிகக் கீழே கரியணுக்களுக்கு நடமாட்டம் குறைவு, ஆகவே அங்கும் தாமதம். இடையில், 550 டிகிரியை அடுத்த பகுதியில்தான் மாறுதல் அதிவேகமாக நிகழ்கிறது. முக்கால் பங்கு கரி உள்ள சாதாரண எஃகு அந்தப் பகுதியை ஏறத்தாழ ஒரு விநாடிக்குள் கடந்தாக வேண்டும். பருமனான அச்சுத் தண்டின் நடுப்பகுதி எந்த நீரிலும் அத்தனை விரைவாகக் குளிராது. குரோமியம், நிக்கல், மாலிப்டினம் ஆகியவற்றைச் சிறிது கலந்தால் அந்த ஒரு விநாடி பல நிமிடமாக நீளும். கலப்பு எஃகுக்கு நாம் கொடுக்கும் அதிக விலை, பெரும்பாலும் இந்த அவகாசத்திற்காகவே.

இவை யாவும் ஆலைக்கும் ஆய்வுக்கூடத்திற்கும் மட்டும் உரியவை என்று எண்ண வேண்டாம். வீடு கட்டும் இடத்தில் குவித்திருக்கும் டி.எம்.டி. கம்பியில் இவ்வத்தியாயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. முன்பெல்லாம் கம்பிக்கு வலிமையூட்ட அதைக் குளிர்ந்த நிலையிலேயே முறுக்கினார்கள். முறுக்கும்போது வரிசைப் பிறழ்ச்சிகள் பல்கிப் பெருகி, ஒன்றோடொன்று பின்னி, ஒன்றையொன்று தடுத்துக்கொண்டன. 1970களில் பெல்ஜியத்தில் உருவான புதிய முறையில், உருளைகளுக்கிடையிலிருந்து செந்தணலாக வெளிவரும் கம்பியின்மேல் கணநேரம் நீரைப் பாய்ச்சுகிறார்கள். மேற்புறம் மார்டென்சைட்டாகிறது, நீரைக் கடந்ததும், இன்னும் ஆறாத நடுப்பகுதியின் உஷ்ணம் வெளிநோக்கிப் பரவி, மேற்புறத்தை ஏறக்குறைய 600 டிகிரிக்கு ஏற்றித் தானே பதப்படுத்திவிடுகிறது, நடுப்பகுதி மெல்ல ஆறி, ஃபெரைட்டும் பெர்லைட்டுமாக, வளைந்துகொடுக்கும் தன்மையோடு நிற்கிறது. அப்படிப்பட்ட கம்பியைக் குறுக்கே அறுத்து, மெருகிட்டு, நைட்ரிக் அமிலம் கலந்த சாராயத்தால் துடைத்தால், வெளிறிய நடுப்பகுதியைச் சுற்றிக் கருத்த வளையம் ஒன்று வெறுங்கண்ணுக்கே தெரியும். கம்பியின்மேல் பொறித்திருக்கும் 500 என்ற எண், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன் விசைவரை அது நிரந்தரமாக நீண்டுவிடாமல் தாங்கும் என்பதைக் குறிக்கிறது. அந்த வலிமையின் பெரும்பகுதி இவ்வளையத்திலிருந்து வருவது. ஆதலால் பருமனான கம்பியை எளிதாக வளைக்கலாமென்று எண்ணி அதைத் தீயிலிட்டுச் சிவக்கக் காய்ச்சுவது கூடாது. காய்ச்சிய இடத்தில் வளையம் அழிந்து, மேற்புறமும் நடுப்பகுதியைப் போலவே மெல்லிரும்பாகிவிடும். அதை வளைக்கும் இயந்திரத்தில், தகுந்த விட்டமுள்ள உருளையைச் சுற்றிக் குளிர்ந்த நிலையிலேயே வளைக்க வேண்டும்.